மழை விட்ட பிறகு வந்த ஆறு

2024 டிசம்பர் 2-ம் தேதி காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் வீடு கடலூர் உப்பலவாடிப் பக்கம், தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். "மழைதான் விட்டுடுச்சே தம்பி, துணி எல்லாம் மாடியில காயுது" என்றாள். ரெண்டு நாளாக ஈரத்தில் கிடந்த போர்வையைக் கொடியில் போட்டிருந்தாளாம். பேசி முடித்துச் சில மணி நேரம்கூட ஆகவில்லை, கொல்லைப்பக்கமாகத் தண்ணீர் வந்துவிட்டது. தெருப்பக்கம் இருந்து வரும் என்று வாசலில் மணல் மூட்டை போட்டு வைத்திருந்தார்கள், அது பின்பக்கம் வாழைக்கொல்லை வழியாக வந்தது. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றுவதற்குள் இடுப்பு. வானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் அவளால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

நடந்தது இதுதான். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ மழை. வானிலை ஆய்வு மையக் கணக்கில் ஒரு நாளைக்கு 20 செ.மீ தாண்டினாலே 'அதி கனமழை', இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அப்புறம் அந்த மழை மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று போனது. ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. அங்கே விழுந்த தண்ணீருக்குப் போக்கிடம் தென்பெண்ணைதான். சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு நொடி கிட்டத்தட்ட 400 லாரிகளை ஆற்றில் கவிழ்த்த மாதிரி. அதுதான் அக்கா வீட்டுக் கொல்லைக்கு வந்தது.

அவள் செய்த தவறு என்று எதையும் சொல்ல மாட்டேன். நம் எல்லோருக்கும் மழையை அளக்கத் தெரிந்த கருவி நம் தலைக்கு மேலே இருக்கும் வானம் ஒன்றுதான். ஆனால் கடலூர் மாதிரி ஊரில் ஆற்று வெள்ளம் நம் வானத்திலிருந்து வருவதில்லை, இன்னொருத்தர் வானத்திலிருந்து வருகிறது. நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வழியில் உள்ளதையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் ஆற்றின் கடைசி வீட்டுக்காரர்கள் நாம். இப்படித் தென்பெண்ணை மட்டும் இல்லை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், எல்லாம் இந்த ஒரு மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. ஆறுகள் கூடும் இடம் என்பதால்தான் கூடலூர் என்று பேர் வந்தது என்பார்கள். அதிலும் கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, எதிர்த்துத் தள்ளும், ஆறு பின்வாங்கி ஊருக்குள் ஏறும்.

பேரிடர் பற்றிப் பேசும்போது அதிகாரிகள் ஒரு கணக்கு சொல்வார்கள்: ஆபத்து எவ்வளவு பெரியது, அதன் பாதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு பலவீனமாக இருக்கிறார்கள், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இடர் என்று. யாரும் இல்லாத தீவில் புயல் கடந்தால் அது வெறும் வானிலை, குடிசைகள் நிறைந்த கரையில் கடந்தால்தான் பேரிடர். சரியான கணக்குதான். ஆனால் இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், என் பார்வையில் அதுதான் முதலாவது. ஒவ்வொரு ஆபத்தும் நமக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கிறது? புயல் மூன்று நாள் கொடுக்கும். ஆறு சில மணி நேரம் கொடுக்கும். சுமத்ராவில் கிளம்பும் சுனாமி இரண்டு மணி நேரம் கொடுக்கும். ஓடை வெள்ளம் நிமிஷங்கள் கொடுக்கும். ரசாயன ஆலையில் குழாய் வெடித்தால் ஒன்றும் கொடுக்காது. அந்த அவகாசத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பதை முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறோமா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

சுனாமியையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. தேவனாம்பட்டினத்துக்கும் தாழங்குடாவுக்கும் சோனங்குப்பத்துக்கும் அலை வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அதில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். இரண்டு மணி நேரம் என்பது சும்மா நடந்து போனாலே கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடக்கூடிய நேரம். அவ்வளவு நேரம் இருந்தும் ஒருத்தருக்கும் சேதி வரவில்லை, ஏனென்றால் இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது.

விதிவிலக்காக ஓர் ஊருக்குச் சேதி வந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் நல்லவாடு. அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், சுனாமி செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார், கடல் தண்ணீர் உள்ளே வருவதாக வீட்டில் சொன்னார்கள், உடனே எல்லோரையும் கிளப்புங்கள் என்றார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திவந்த கிராமத் தகவல் மையம் இருந்தது. கடலின் நிலவரம், காற்று, அலை உயரம் இதையெல்லாம் தினமும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வதற்காக வைத்தது. அன்று மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் மைக்கைப் பிடித்து ஊரையே ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, சுமார் 3,600 பேர் உள்ள ஊரில் உயிர் மட்டும் போகவில்லை.

இந்தச் சம்பவத்தைப் பலரும் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த மைக் சுனாமிக்காக வாங்கியது இல்லை, தினசரி உபயோகத்துக்காக வாங்கியது. தினமும் அதில் வரும் சேதியை நம்பி வலை ஏற்றிப் பழகிய ஜனம் என்பதால்தான், "ஓடு" என்று அது சொன்னதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடியது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நாளில் மட்டும் ஊளையிடும் சைரனுக்கு அந்த நம்பிக்கை வராது. 2007-ல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது, நிலநடுக்கம் ஏற்பட்டுச் சில நிமிஷங்களில் அவர்களால் சொல்ல முடிகிறது. ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு, அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்கு வருவது பிரச்சினையே இல்லை. அங்கிருந்து அக்கரைகோரியில் வலை பின்னிக்கொண்டிருப்பவரின் காதுக்கு வரும் கடைசி தூரம்தான் இன்னும் நம்மிடம் கச்சிதமாக இல்லை.

சுனாமி பற்றிச் சொல்லும்போது பிச்சாவரத்தைச் சொல்லாமல் போக முடியாது. சுரபுன்னைக் காடுகளும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று நம் கடலூர் கரையையே வைத்து 2005-ல் ஆய்வுகள் வெளிவந்தன. உடனே சவுக்கு நடுவதில் எல்லோரும் இறங்கினார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பவைதான் பெரிய காரணங்கள் என்று சொன்னார்கள். காடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மரம் நட்டுவிட்டோம், இனி மணல்மேட்டைச் சமப்படுத்தி வீடு கட்டலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. நம் கரையில் மணல்மேடுகள்தான் முதல் அரண், பிளாட் போடுவதற்காக அவற்றை வழித்துத் தள்ளுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

புயல் விஷயத்தில் நமக்கு அவகாசம் தாராளம். அதைப் படிக்கத் தெரிவதில்தான் குறை. 'கடலூர் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று செய்தியில் வரும், எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். 1, 2 என்றால் புயலோ புயலாகக் கூடியதோ எங்கோ தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப்போகிறது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான், துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, நேர் மேலேயா என்பதுதான் வித்தியாசம். 8, 9, 10 அதே வரிசை, இன்னும் கடுமையான புயலுக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இடமா வலமா என்பதை ஏன் இவ்வளவு கவனமாகச் சொல்கிறார்கள்? நம் பக்கம் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கு நோக்கி வந்து கரையைக் கடக்கும் புயலுக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கும் ஊர்களில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஆக, புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது என்றால் 'தப்பித்தோம்' என்று உட்காரக் கூடாது, கடல் ஏறுவது நம் பக்கம்தான். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடலூரை ஒட்டியே கடந்தது, காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புயலின் கண் நம் மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும், பறவைச் சத்தம்கூடக் கேட்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து கூரையைப் பார்க்கப் போகிறவர்கள் மேல்தான் அப்புறம் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும்.

தானேவில் உயிர்ச்சேதத்தைவிட நீண்டு நின்றது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் போனதுதான். தாத்தா வைத்த பலா மரம் சாய்ந்தால், மறுபடி வைத்து அது அந்த அளவுக்குக் காய்ப்பதற்கு ஒரு தலைமுறை ஆகும். நிவாரணம் என்பது அன்றைய சோற்றுக்கு, மரம் என்பது பேரப்பிள்ளையின் சோற்றுக்கு. பேரிடர் மேலாண்மையில் பயிர்க் காப்பீட்டை ஏதோ தனி இலாகா சமாச்சாரமாகப் பார்ப்பது தப்பு என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதும் இல்லை. 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு முன்னால் நங்கூரமிட்டிருந்த நமூர் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் புயலில் உடைந்து 500-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மூழ்கினார்கள். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த கப்பல்களைப் புயல் சிதறடித்தது. ஐப்பசி, கார்த்திகைதான் புயல் மாதம் என்று நாம் வைத்திருக்கும் கணக்கில் சித்திரைப் புயலும் மார்கழிப் புயலும் எப்போதும் அடங்கியதில்லை.

சரி, மூன்று நாள் அவகாசம் இருந்தும் ஜனங்கள் ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்? பிடிவாதம் என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது பாதி உண்மையாகக்கூடப் படவில்லை. 2018-ல் கஜா புயல் முதலில் கடலூருக்கு வடக்கே என்றார்கள், அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள், நாங்கள் ஜன்னலுக்கு அட்டை அடித்து, தண்ணீர் பிடித்து வைத்து, இரவெல்லாம் விழித்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. மறுநாள் டீக்கடையில் ஆளாளுக்கு வானிலைக்காரர்களைத் திட்டினார்கள். அதே இரவில் வேதாரண்யம் தரைமட்டமாகிக் கிடந்தது. வராமல் போன புயல் பொய் எச்சரிக்கை இல்லை, வேறொரு ஊருக்குப் போன புயல். ஆனால் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு தடவை முகாமுக்குப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர், மூன்றாம் தடவை யோசிக்கத்தான் செய்வார்.

அக்கா தெருவில் ஒரு பாட்டி, ஆறு ஆடு வைத்திருக்கிறார். முகாமுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான், "ஆட்டை எங்கடா கட்டுவேன்?" யாரிடமும் பதில் இல்லை. வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் முகாமின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சர்க்கரைக்கு ஊசி போடுபவர், மருந்தை எந்த ஃபிரிட்ஜில் வைப்பது என்று கேட்கிறார். கேஸ் சிலிண்டரையும் டிவியையும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். இவை எல்லாமே நியாயமான கேள்விகள். வெயில் காலத்திலேயே பதில் வைத்துக்கொண்டால் ஐப்பசியில் யாரையும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது. 1999-ல் ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள், 2013-ல் ஃபைலின் வந்தபோது அதே மாநிலம் லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே நகர்த்தி, சாவைச் சில பத்துகளுக்குள் நிறுத்தியது. முகாம் கட்டடம் மட்டும் அதைச் செய்யவில்லை, ஊர் ஊராக ஆள் வைத்து, பழக்கி, நம்ப வைத்துத்தான் செய்தார்கள்.

ஓடை வெள்ளம் வேறு ஜாதி. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியபோது பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஊர்களில் ஓடையில் திடீரென்று வந்த தண்ணீர் வீடுகளை ஆளோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடையை யாரும் ஆறாக நினைப்பதில்லை, அதன் ஓரத்தில்தான் நிலமில்லாதவர்களுக்கு வீடு கட்ட இடம் கிடைக்கிறது. இதற்கு எச்சரிக்கை கொடுத்துச் சமாளிக்க முடியாது. இடத்தை மாற்றிக் கொடுப்பதும், ஓடையைத் தூர்க்காமல் வைத்திருப்பதும்தான் வழி.

ஒன்றுமே அவகாசம் தராத ஆபத்து, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. உப்பனாற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஆலைகள், ஒட்டியே குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம். 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலையில் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகளின்படி ஆலைக்கு உள்ளே ஒரு அவசரத் திட்டமும், ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகம் போடும் ஒரு திட்டமும் இருக்க வேண்டும். பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார ஜனங்களுக்கு, என்ன ரசாயனம், என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே சொல்லவும் வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம். கிராம சபையில் கேளுங்கள்: எங்கள் ஊருக்கான திட்டம் எங்கே, தமிழில் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடித்தால் நாங்கள் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும்? வாயு கசிந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்கே விலக வேண்டும். குளோரின் போன்றவை காற்றைவிடக் கனமானவை, தரையோடு படரும், அதனால் பள்ளத்தில் ஒளியக் கூடாது. விலகிப் போக வழியில்லாவிட்டால் மேல்மாடிக்குப் போய்க் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும்.

மற்றபடி வீட்டளவில் செய்யக்கூடியது பெரிய செலவு எதுவும் இல்லை. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். மாடு ஆடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டுப் போகாமல் அவிழ்த்து விடுவது. 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருப்பது. தெருவில் நடக்க முடியாதவர்கள் யார், எந்த வீட்டில், அவர்களைத் தூக்கப் போவது யார் என்பதைப் பேர் சொல்லி முடிவு செய்து வைப்பது. இந்தக் கடைசி ஒன்றை நான் முக்கியமாகச் சொல்வேன். பேர் சொல்லாமல் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்ட வீடுகளில்தான் கடைசியில் தண்ணீரில் கட்டிலோடு மிதந்தவர்கள் இருந்தார்கள்.

அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு விட்டுவிடச் சொன்னாள், மாமா பென்சிலால் தேதி எழுதி வைத்தார். பக்கத்திலேயே ஒரு போன் நம்பர். அவள் நாத்தனார், திருக்கோவிலூரில் ஆற்றுப் பாலத்துக்கு அருகே இருக்கிறார். இப்போது மழைக்காலத்தில் சாத்தனூர் என்ற பேர் செய்தியில் வந்தாலே அக்கா போன் போட்டுவிடுகிறாள், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதல் கேள்வி பாலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான். போன தடவை நான் அங்கே இருந்தபோது இரவு பத்தரைக்குப் போட்டாள், ஸ்பீக்கரில். "பாலத்துக்குக் கீழே ரெண்டு ஆள் உயரம் இருக்கு அண்ணி, நீங்க படுங்க. ஏறினா நானே எழுப்புறேன்" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. அக்கா போனைத் தலைமாட்டில் வைத்து, சத்தம் முழுசாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் படுத்தாள்.